கான்ஸ்டன்டைன் உண்மையில் என்னதான் செய்தார்?

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனைப் பற்றிப் பேச்சு வந்தால் நாலு விஷயம் தவறாமல் வந்துவிடும். கிறிஸ்தவத்தை அரச மதம் ஆக்கியது அவர்தான். பைபிளில் எந்தெந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது அவர்தான். நைசியா நகரில் நடந்த ஆயர்கள் கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடத்தி இயேசுவைக் கடவுள் ஆக்கினார். வாளைக் காட்டி மக்களை மதம் மாற்றினார். வாட்ஸப்பில் சுற்றும் செய்திகளில் இந்த நாலும் ஒரே பத்தியில் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், அவரைப் புகழ்கிறவர்களும் திட்டுகிறவர்களும் ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

நாலுமே தப்பு. அதற்காக அந்த மனிதர் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடாது. அவர் செய்தது சத்தமில்லாத வேலை. கிறிஸ்தவனாக இருப்பதற்கு ஒருவன் கொடுக்க வேண்டியிருந்த விலையை முதலில் இல்லாமல் செய்தார். அப்புறம், கிறிஸ்தவனாக இருந்தால் ஆதாயம் உண்டு என்ற நிலையைக் கொண்டுவந்தார். "மன்னன் எவ்வழி மக்கள் அவ்வழி" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வழி எதனால் போடப்பட்டது, எவ்வளவு காலம் பிடித்தது என்று பார்த்தால்தான் கதை புரியும்.

தலைக்கட்டு வரி தராத குடும்பம்

ஒரு கிராமத்தில் அம்மன் திருவிழா என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி வசூலிக்கிறார்கள். ஒரு குடும்பம் மட்டும், "நாங்கள் தரமாட்டோம். உங்கள் அம்மன் சாமியே இல்லை" என்கிறது. அந்த வருஷம் மழை பொய்த்துப்போனால் ஊர் யாரைத் திரும்பிப் பார்க்கும்?

ரோமப் பேரரசில் கிறிஸ்தவர்களின் நிலை ஏறக்குறைய இதுதான். ரோமர்களுக்கு எத்தனை தெய்வம் இருந்தாலும் கவலையில்லை. எகிப்திலிருந்து ஐசிஸ் வந்தாள், பாரசீகப் பெயரோடு மித்ராஸ் வந்தார், எல்லோருக்கும் இடம் இருந்தது. ஒரே நிபந்தனை, ஊருக்கும் அரசுக்கும் காவலாக நிற்கும் பொதுத் தெய்வங்களுக்குப் பலி கொடுப்பதில் எல்லோரும் சேர வேண்டும். யூதர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது, அவர்களுடையது பழமையான மதம் என்பதால். கிறிஸ்தவர்களோ புதியவர்கள். பலி கொடுக்க மறுத்தது மட்டுமில்லாமல், உங்கள் தெய்வங்கள் பேய்கள் என்றும் சொன்னார்கள். டைபர் நதியில் வெள்ளம் வந்தாலும் சரி, நைல் நதியில் வெள்ளம் வராவிட்டாலும் சரி, "கிறிஸ்தவர்களைச் சிங்கத்துக்குப் போடு" என்று கூச்சல் எழுகிறது என்று கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் கிண்டலாக எழுதினார்.

இந்த வெறுப்பு எப்போதும் ஒரே சூட்டில் இருக்கவில்லை. பெரும்பாலான காலம் கிறிஸ்தவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள். அவ்வப்போது எங்காவது கலவரம் வெடிக்கும், சிலர் சாவார்கள், பிறகு அடங்கும். பேரரசு முழுவதற்குமான கடைசிப் பெருந்துன்பம் 303ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று தொடங்கியது. இன்றைய துருக்கியில் உள்ள நிக்கோமீடியாவில், பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனையிலிருந்து பார்த்தாலே தெரியும் தூரத்தில் இருந்த தேவாலயத்தை ராணுவம் இடித்தது. தேவாலயங்களை இடி, வேதநூல்களை எரி, கிறிஸ்தவர்களின் சட்ட உரிமைகளைப் பறி என்று ஆணைகள் அடுத்தடுத்து வந்தன.

அப்போது பேரரசை நான்கு பேர் பங்கிட்டு ஆண்டார்கள். மூத்தவர் இருவர், இளையவர் இருவர். இதை நால்வர் ஆட்சி என்பார்கள். மேற்கே பிரிட்டனையும் கால் என்ற நாட்டையும் (இன்றைய பிரான்ஸ் பகுதி) ஆண்டவர் கான்ஸ்டன்ஷியஸ். அவருடைய மகன்தான் நம் ஆள். அப்பா தன் பகுதியில் சில கட்டடங்களை இடித்ததோடு நிறுத்திக்கொண்டார். கிழக்கில்தான் ரத்தம் அதிகம் சிந்தியது.

எட்டு வருஷம் முயன்றும் பலிக்கவில்லை. 311 ஏப்ரலில், இந்தத் துன்புறுத்தலைத் தீவிரமாக நடத்திய கெலேரியஸ் என்ற பேரரசரே சாகக் கிடந்த நிலையில் ஓர் ஆணை போட்டார். கிறிஸ்தவர்கள் இருந்துவிட்டுப் போகட்டும், எங்களுக்காகவும் நாட்டுக்காகவும் அவர்கள் கடவுளிடம் வேண்டிக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். கிறிஸ்தவர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்த அந்த ஆணையில் கான்ஸ்டன்டைனின் யோசனை எதுவும் இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கிறிஸ்தவர்கள்மேல் இருந்த கோபம் அவர்கள் யாரைக் கும்பிட்டார்கள் என்பதால் வந்ததைவிட, பொதுக் கும்பிடுதலில் சேர மறுத்ததால் வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எதுவும் கிடையாது. வரலாற்றாசிரியர்களின் உத்தேசத்தில் 300ஆம் ஆண்டு வாக்கில் அவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். நசுக்க முடியாத அளவுக்கு அதிகம், ஆட்சியைப் பிடிக்க முடியாத அளவுக்குக் குறைவு.

பாலத்தருகே ஒரு நேர்த்திக்கடன்

306இல் கான்ஸ்டன்ஷியஸ் இங்கிலாந்தின் யார்க் நகரில் இறந்தார். உடனே படைவீரர்கள் மகனைப் பேரரசராக அறிவித்தார்கள். நால்வர் ஆட்சி வாரிசுச் சண்டையாகச் சிதறியது. ரோம் நகரம் மக்சென்ஷியஸ் என்பவர் கையில் இருந்தது. 312 அக்டோபர் 28 அன்று, நகருக்கு வெளியே டைபர் நதிமேல் இருந்த மில்வியன் பாலத்தருகே இருவரும் மோதினார்கள். மக்சென்ஷியஸ் ஆற்றில் மூழ்கிச் செத்தார்.

இந்தப் போரைக் கிறிஸ்தவத்துக்கும் பழைய மதத்துக்கும் நடந்த யுத்தம்போலச் சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால், மக்சென்ஷியஸ் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியவரே இல்லை. தன் பகுதியில் துன்புறுத்தலை நிறுத்தி, பறித்த சொத்தைத் திருப்பித் தந்தவர் அவர். தோற்றவருக்குக் கதையில் நல்ல பெயர் கிடைப்பதில்லை.

சரி, அந்தப் புகழ்பெற்ற காட்சி? இதற்கு நமக்கு இரண்டு சாட்சிகள். ஒருவர் லாக்டான்ஷியஸ். கான்ஸ்டன்டைனின் மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர், போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள் எழுதியவர். அவர் சொல்வது எளிமையானது: போருக்கு முன்னால் கனவு வந்தது, கடவுளின் அடையாளத்தைக் கேடயங்களில் வரையச் சொன்னது, வரைந்தார்கள், ஜெயித்தார்கள். வானத்தில் எதுவும் தெரிந்ததாக அவர் சொல்லவில்லை. இன்னொருவர் செசரேயா நகர ஆயர் யூசிபியஸ். ஆயர் என்றால் ஒரு நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கெல்லாம் தலைவர், பிஷப். கான்ஸ்டன்டைன் இறந்தபிறகு எழுதிய வரலாற்றில் அவர் சொல்வது: பகல் சாயும் நேரத்தில் சூரியனுக்குமேல் ஒளியால் ஆன சிலுவை தெரிந்தது, "இதைக் கொண்டு வெல்" என்று எழுத்தும் தெரிந்தது, அன்றிரவு கனவில் கிறிஸ்து வந்தார். பேரரசரே தனக்குச் சத்தியம் செய்து சொன்னதாக எழுதுகிறார். இருபத்துச் சொச்சம் வருஷத்தில் கதை வளர்ந்திருப்பது தெரிகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒரு துண்டும் உண்டு. இதற்கு இரண்டு வருஷம் முன்பு, 310இல், பேரரசர் முன்னிலையில் பேசிய ஒரு புகழுரையாளர், கான்ஸ்டன்டைனுக்கு கால் நாட்டில் உள்ள ஒரு கோயிலில் அப்பல்லோ என்ற பழைய மதத்துத் தெய்வம் தரிசனம் தந்து வெற்றி மாலைகளை நீட்டியதாகச் சொல்லியிருக்கிறார். ஆக, இந்த மனிதர் தரிசனத்துக்குப் புதியவர் இல்லை.

இங்கேதான் நம் ஊர் வழக்கம் ஒன்று கைகொடுக்கும். நேர்த்திக்கடன். "இந்தக் காரியம் முடியட்டும், உனக்கு இன்னது செய்கிறேன்" என்று வேண்டிக்கொள்கிறோம், முடிந்ததும் செய்கிறோம். ரோமத் தளபதிகளின் பக்தி அச்சு அசல் இப்படித்தான் ஓடியது. போருக்கு முன் வேண்டுதல், ஜெயித்தபின் கோயில். கான்ஸ்டன்டைன் செய்ததும் அதேதான், ஆனால் வேண்டுதலை யாரும் எதிர்பார்க்காத தெய்வத்திடம் வைத்தார். ஜெயித்தார். கடனை அடைக்கத் தொடங்கினார், இருபத்தைந்து வருஷம் அடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் உண்மையிலேயே நம்பினாரா, அரசியலுக்காக நடித்தாரா என்று கேட்பார்கள். ரோமானியனுக்கு இந்தக் கேள்வியே விளங்காது. வெற்றி தரும் தெய்வத்தைக் கண்டுபிடிப்பதுதான் அரசியல், அதை நம்புவதுதான் பக்தி. நடிப்பு என்ற வாதத்தில் வேறு ஓட்டையும் உண்டு. ராணுவத்திலும் ரோமின் செனட்டிலும் பெரும்பான்மையோர் பழைய மதத்தார். பத்தில் ஒருவரின் ஆதரவுக்காக மீதி ஒன்பது பேரை உரசிப் பார்ப்பது என்ன கணக்கு? அவர் நம்பினார் என்றுதான் எனக்குப் படுகிறது. எதை நம்புகிறோம் என்பது அவருக்கே மெதுவாகத்தான் தெளிந்திருக்கும். 315இல் ரோமில் அவருக்காக எழுப்பிய வெற்றி வளைவில் "தெய்வ உந்துதலால்" என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள். எந்தத் தெய்வம் என்று இல்லை. அவருடைய நாணயங்களில் வெல்லமுடியாத சூரியதேவன் இன்னும் பல வருஷம் நின்றார்.

மிலானில் நடந்தது

313 பிப்ரவரியில் கான்ஸ்டன்டைனும் கிழக்கின் பேரரசர்களில் ஒருவரான லிசினியஸும் மிலானில் சந்தித்துப் பேசினார்கள். அங்கே ஒத்துக்கொண்டதை லிசினியஸ் ஜூன் மாதம் நிக்கோமீடியாவில் ஆளுநருக்கு எழுதிய கடிதமாக வெளியிட்டார். இதைத்தான் மிலான் சாசனம் என்கிறோம். நம் கைக்கு வந்திருப்பது மிலானில் போட்ட சாசனம் இல்லை, லிசினியஸின் அந்தக் கடிதம்தான். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

அதில் என்ன இருந்தது? கிறிஸ்தவர்களுக்கும் மற்ற எல்லோருக்கும் தாம் விரும்பும் தெய்வத்தை வணங்கச் சுதந்திரம் என்றது. "மற்ற எல்லோருக்கும்" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அரச மதம் என்ற சொல்லே அதில் கிடையாது. கூடவே, பறிமுதல் செய்த சொத்துகளைக் கிறிஸ்தவர்களிடம் காசு கேட்காமல் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. தனிநபர்களுடைய சொத்து மட்டுமில்லை, அவர்களுடைய அமைப்புக்குச் சொந்தமானதையும் கொடு என்றது. முதல் பகுதி எல்லோருக்கும் தெரியும். என் கண்ணுக்கு இரண்டாவது பகுதிதான் பெரியது.

பதிவு பெற்ற சங்கம்

ஒரு தெருவில் இருபது பேர் சேர்ந்து சங்கம் வைத்திருக்கிறார்கள். பதிவு செய்யவில்லை. ஒரு மனை வாங்கினால் யாரோ ஒருவர் பெயரில்தான் வாங்க வேண்டும். அவர் செத்தால் பிள்ளைகள் தகராறு. போலீஸ் வந்து பூட்டினால் கேட்க வழியில்லை. ஒருநாள் சங்கம் பதிவாகிறது. சங்கத்தின் பெயரில் பத்திரம் போடலாம், நன்கொடை வாங்கலாம், வழக்குப் போடலாம். அடுத்த மாதமே அரசு மானியம் வருகிறது, நிர்வாகிகளுக்கு வரிவிலக்கு வருகிறது, மாவட்ட ஆட்சியர் கூட்டத்துக்கு அழைக்கிறார். சங்கத்தில் சேர ஆள் வராமல் இருக்குமா?

கான்ஸ்டன்டைன் திருச்சபைக்குச் செய்தது இதுதான். மதகுருக்களுக்கு நகரக் கட்டாயப் பொறுப்புகளிலிருந்து விலக்கு அளித்தார். இது பெரிய விஷயம். ரோம நகரங்களில் வசதியுள்ளவர்கள் நகரமன்றத்தில் உட்கார்ந்து, வரிவசூலில் பற்றாக்குறை வந்தால் கைக்காசு போட வேண்டும். அந்தச் சுமையிலிருந்து தப்ப ஒரே வழி மதகுருவாவது என்று தெரிந்ததும் பணக்காரர்களுக்குத் திடீரென்று பக்தி பெருகியது. கடைசியில் நகரமன்றக் குடும்பத்தார் மதகுருவாகக் கூடாது என்று பேரரசரே தடைச் சட்டம் போட வேண்டியதாயிற்று. சலுகை மனிதர்களை எப்படி நகர்த்தும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

321இல், சாகும்போது திருச்சபைக்குச் சொத்து எழுதிவைக்க யாருக்கும் உரிமை உண்டு என்று சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக நிலம் சேர்ந்த கதை இங்கே தொடங்குகிறது. வழக்கை ஆயரிடம் கொண்டுபோகலாம், அவர் தீர்ப்பு செல்லும் என்றானது. தேவாலயத்தில் ஆயர் முன்னிலையில் அடிமையை விடுதலை செய்தாலும் சட்டப்படி செல்லுபடி. ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் பகிர்ந்தளிக்கத் திருச்சபை வழியாகத் தானியம் போனது. பசித்தவன் யார் வாசலில் வரிசையில் நிற்பான் என்று சொல்லத் தேவையில்லை.

அதே 321 மார்ச்சில் ஞாயிறு விடுமுறைச் சட்டம். நீதிபதிகளும் நகரத்தாரும் ஓய்வெடுக்க வேண்டும், விவசாயிகள் வேலை செய்யலாம். கிறிஸ்தவர்கள் அதற்கு நூற்றைம்பது வருஷம் முன்பிருந்தே ஞாயிறு அன்று கூடிக்கொண்டிருந்தார்கள், அதனால் நாளை அவர் கண்டுபிடிக்கவில்லை. சட்டத்தின் வாசகமோ கிறிஸ்துவைக் குறிப்பிடாமல் "வணக்கத்துக்குரிய சூரியனின் நாள்" என்கிறது. நம் மொழியிலும் ஞாயிறு என்றால் சூரியன்தானே. யாரும் முகம் சுளிக்காத சொல்லாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்.

கட்டடங்கள் தனிக் கதை. ரோமக் கோயில் நம் ஊர்க் கருவறை மாதிரி: உள்ளே தெய்வச் சிலை, பலியும் கூட்டமும் வெளியே. கிறிஸ்தவர்களுக்கு ஆட்கள் உள்ளே உட்கார்ந்து கேட்க ஒரு மண்டபம் வேண்டும். அதற்குக் கோயிலின் வடிவம் உதவாது. அதனால் பசிலிக்கா என்ற கட்டடத்தை எடுத்துக்கொண்டார்கள். பசிலிக்கா என்றால் வழக்கு விசாரணைக்கும் வியாபாரத்துக்கும் ரோமர் பயன்படுத்திய நீளமான பொதுமண்டபம். ரோமில் லாத்தரன் பேராலயம், வத்திக்கான் குன்றில் புனித பேதுரு பேராலயம், எருசலேமில் திருக்கல்லறைத் தேவாலயம் என்று அரசுப் பணத்தில் எழும்பின. லாத்தரன் பேராலயம் நிற்கும் இடத்தில் முன்பு மக்சென்ஷியஸுக்காகப் போரிட்ட குதிரைப்படையின் பாசறை இருந்தது. பாசறையை இடித்து ஜெயித்த சாமிக்குக் கோயில். நேர்த்திக்கடன் என்றேனே.

சுருக்கமாக: கான்ஸ்டன்டைன் யாரையும் ஞானஸ்நானத் தொட்டிக்கு இழுத்துப் போகவில்லை. திருச்சபைக்குச் சட்ட உடம்பும் பணமும் நிலமும் மரியாதையும் கொடுத்தார். மீதியை மனித சுபாவம் பார்த்துக்கொண்டது.

மானியம் எந்தக் கமிட்டிக்கு?

பணம் வந்தால் பின்னாலேயே ஒரு கேள்வி வரும். ஒரே கோயிலுக்கு இரண்டு நிர்வாகக் கமிட்டி, இரண்டும் "நாங்கள்தான் உண்மையான கமிட்டி" என்கின்றன. மானியக் காசோலையை யார் பெயரில் எழுதுவது?

வட ஆப்பிரிக்காவில் இது அப்படியே நடந்தது. கார்த்தேஜின் ஆயர் செசிலியனுக்கு 3000 ஃபோலிஸ் என்ற பெருந்தொகையைக் கொடுக்கக் கான்ஸ்டன்டைன் உத்தரவிட்டார். ஆனால் அங்கே ஒரு பெருங்கூட்டம் செசிலியனை ஆயராகவே ஏற்கவில்லை. துன்புறுத்தல் காலத்தில் பயந்து வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர் கையால் பட்டம் வாங்கியவர் இவர், அந்தப் பட்டம் செல்லாது என்றார்கள். அவர்கள் தலைவர் டோனாட்டஸின் பெயரால் இவர்களுக்கு டோனாட்டிஸ்டுகள் என்று பெயர். இவர்களே பேரரசரிடம் முறையிட்டார்கள். ரோமில் விசாரணை, 314இல் ஆர்ல் நகரில் ஆயர்களின் கூட்டம், எல்லாம் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. ஒத்துக்கொள்ளவில்லை. கான்ஸ்டன்டைன் அவர்களுடைய தேவாலயங்களைப் பறித்துப் பார்த்தார், படை அனுப்பிப் பார்த்தார். 321இல் கைவிட்டுவிட்டார்.

கிறிஸ்தவப் பேரரசர் ஒருவர் முதன்முதலாக அடக்கப் பார்த்தது கிறிஸ்தவர்களைத்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்து வருவது புரியும். ஆதரவு கொடுக்கிறவர் நடுவராகவும் ஆக வேண்டியிருந்தது.

நைசியாவில் என்ன விவாதம்?

324இல் லிசினியஸைத் தோற்கடித்து கான்ஸ்டன்டைன் முழுப் பேரரசுக்கும் தனி ஆளானார். கிழக்கே போனால் அங்கே இன்னொரு சண்டை. அலெக்சாந்திரியா நகரில் ஆரியஸ் என்ற குரு, கடவுளின் மகன் எல்லாப் படைப்புக்கும் மேலானவர், ஆனாலும் தந்தையால் உண்டாக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்றார். அவருடைய ஆயர் அலெக்சாண்டர், மகன் தந்தையைப் போலவே என்றென்றும் இருப்பவர் என்றார். கான்ஸ்டன்டைன் இருவருக்கும் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. இது அற்ப விஷயம், இதற்குப் போய் இவ்வளவு சண்டையா, எனக்கு நிம்மதியான பகலையும் கவலையற்ற இரவையும் திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சாத குறையாக எழுதியிருக்கிறார். பங்காளிச் சண்டையில் மாட்டிய சம்பந்தியின் குரல்.

கடிதம் பலிக்காததால் 325இல் நைசியாவுக்கு (இன்றைய துருக்கியின் இஸ்னிக்) ஆயர்களை அழைத்தார். இதைப் பொதுச்சங்கம் என்பார்கள். பல நாட்டு ஆயர்கள் கூடி முழுத் திருச்சபைக்கும் முடிவெடுக்கும் கூட்டம் என்று அர்த்தம். அரசு வண்டியில் இலவசப் பயணம். கிட்டத்தட்ட 300 பேர் வந்தார்கள், பெரும்பாலும் கிழக்கத்தியர். ரோம் ஆயர் வரவில்லை, இரண்டு குருக்களை அனுப்பினார். முடிவில் பேரரசர் விருந்து வைத்தார். உருவிய வாளோடு நின்ற காவலர்களுக்கு நடுவே ஆயர்கள் பயமின்றி நடந்துபோனார்கள் என்று யூசிபியஸ் எழுதுகிறார். இருபது சொச்சம் வருஷத்துக்கு முன் அதே பேரரசின் வாள்கள் அவர்களைத் தேடி வந்தவை. அந்த வியப்பு அவர் எழுத்தில் இன்னும் ஆறாமல் இருக்கிறது.

மகன் தந்தையோடு "ஒரே பொருளானவர்" என்ற வாசகம் நிறைவேறியது. தமிழ்க் கத்தோலிக்கத் தேவாலயங்களில் ஞாயிறு பூசையில் சொல்லும் நம்பிக்கை அறிக்கையில் "உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று வருமே, அந்தச் சொற்கள் ஆரியஸுக்குச் சொன்ன பதில். ஏற்க மறுத்த இரண்டு ஆயர்களும் ஆரியஸும் நாடு கடத்தப்பட்டார்கள்.

ஆக, இயேசு மனிதனா கடவுளா என்று அங்கே யாரும் ஓட்டுப் போடவில்லை. ஆரியஸுக்கும் அவர் வெறும் மனிதர் இல்லை. கிறிஸ்துவைக் கடவுளாக வணங்குவது அதற்கு இருநூறு வருஷம் முன்பே இருந்தது. பிளினி என்ற ரோம ஆளுநர், கிறிஸ்தவர் அல்லாதவர், இவர்கள் விடியலுக்கு முன் கூடி கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று கி.பி. 112 வாக்கில் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். அவர் ஆளுநராக இருந்த பித்தினியா மாகாணத்தில்தான் நைசியாவும் இருக்கிறது!

பைபிள் விஷயம்? நைசியா வகுத்த 20 விதிகள் கிடைத்திருக்கின்றன. எந்தப் புத்தகம் உள்ளே, எது வெளியே என்று அவற்றில் ஒரு வரிகூட இல்லை. இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிட்ட முதல் ஆவணம், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனேசியஸ் 367இல் எழுதிய கடிதம். கான்ஸ்டன்டைன் செத்து முப்பது வருஷம் கழித்து. குழப்பத்துக்குக் காரணம் ஒருவேளை இதுவாக இருக்கலாம்: புதிய தலைநகரின் தேவாலயங்களுக்காக 50 பைபிள் பிரதிகள் எழுதித் தரும்படி அவர் யூசிபியஸுக்கு ஆணையிட்டார். பிரதிக்குப் பணம் கொடுத்தவரைத் தொகுப்பாசிரியர் ஆக்கிவிட்டார்கள்.

நைசியா சண்டையை முடிக்கவும் இல்லை. சில வருஷத்தில் கான்ஸ்டன்டைன் ஆரியஸைத் திரும்ப அழைத்தார். 335இல் மறுபக்கத்தின் தளபதியான அத்தனேசியஸையே ஜெர்மனியின் ட்ரியருக்கு நாடு கடத்தினார். கொள்கையைவிட அமைதி அவருக்கு முக்கியம்.

அரச மதம் ஆனது எப்போது?

பழைய கோயில்களில் சிலவற்றை அவர் இடித்தது உண்மை. லெபனானின் அஃபாக்காவில் அஃப்ரோடைட் கோயில் ஒன்று. பல கோயில்களின் தங்கத்தையும் வெண்கலத்தையும் எடுத்துக்கொண்டதும் உண்மை. ஆனால் பெரும்பாலான கோயில்கள் திறந்தே இருந்தன. பழைய மதத்தின் உச்சப் பூசாரி என்ற பட்டத்தை அவர் சாகும்வரை விடவில்லை. 330 மே 11 அன்று அவர் திறந்துவைத்த கான்ஸ்டான்டினோபிளில் (இஸ்தான்புல்) ஒரு தூணும், அதன்மேல் சூரியக் கதிர்கள் சூடிய அவர் சிலையும் இருந்தன. சிலை எப்போதோ விழுந்துவிட்டது, தூண் இன்றும் நிற்கிறது. புனிதர் வேலை எல்லாம் அவருக்கு ஒத்துவராது என்பதற்கும் சாட்சி உண்டு: 326இல் மூத்த மகன் கிறிஸ்பஸைக் கொல்லச் செய்தார், சீக்கிரமே மனைவி ஃபாஸ்டாவும் செத்தார்.

அவருக்குப் பின் 361இல் ஜூலியன் என்ற உறவினர் பேரரசராகி எல்லாவற்றையும் திருப்பப் பார்த்தார். மதகுருக்களின் சலுகைகளைப் பிடுங்கினார், கோயில்களுக்கு உயிர் கொடுத்தார். கூடவே பழைய மதத்துத் தலைமைப் பூசாரி ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நீங்களும் சத்திரம் கட்டுங்கள் என்று. சலுகைக்கு முன்பே திருச்சபை ஏன் வளர்ந்தது என்பதற்கு எதிரியின் வாக்குமூலம் இது. இரண்டு வருஷம்கூட ஆள்வதற்குள் பாரசீகப் போரில் இறந்தார்.

அரச மதம் என்ற ஆணை வந்தது 380 பிப்ரவரி 27இல், தியோடோசியஸ் காலத்தில், தெசலோனிக்கா நகரிலிருந்து. குடிமக்கள் எல்லோரும் நைசியா வழி நம்பிக்கையைப் பின்பற்ற வேண்டும் என்றது. 391, 392இல் பலிகளுக்கும் கோயில் வழிபாட்டுக்கும் தடை வந்தது. வாளைக் காட்டிய கதை சொல்ல வேண்டுமென்றால் இங்கேதான் தேட வேண்டும். கான்ஸ்டன்டைன் செத்து நாற்பது வருஷத்துக்குமேல் ஆகியிருந்தது. ரோமுக்கு முன்பே கிறிஸ்தவத்தை அரச மதமாக்கிய நாடும் ஒன்று உண்டு, ஆர்மீனியா.

கல்லறையும் நாணயமும்

337இல் நோய்வாய்ப்பட்டபோதுதான் கான்ஸ்டன்டைன் ஞானஸ்நானம் பெற்றார். இருபத்தைந்து வருஷம் தள்ளிப்போட்டதை அவநம்பிக்கை என்று நினைக்கத் தேவையில்லை. ஞானஸ்நானம் அதுவரை செய்த பாவத்தையெல்லாம் கழுவும், ஆனால் ஒருமுறைதான் கிடைக்கும். தண்டனை விதிப்பதும் போர் செய்வதும் தொழிலாக இருப்பவர்கள் அதைக் கடைசிவரை சேமித்துவைப்பது அன்று வழக்கம். கொடுத்தவர் நிக்கோமீடியா ஆயர் யூசிபியஸ். பெயர் ஒன்று, ஆள் வேறு. இவர் ஆரியஸின் ஆதரவாளர். மே 22 அன்று பேரரசர் இறந்தார்.

கான்ஸ்டான்டினோபிளில் அப்போஸ்தலர் தேவாலயத்தில், இயேசுவின் சீடர்களான பன்னிரண்டு அப்போஸ்தலர்களுக்கான நினைவுச் சின்னங்களுக்கு நடுவே, பதின்மூன்றாவது ஆளாகத் தன் கல்லறையை அவரே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ரோமிலோ செனட் பழைய வழக்கப்படி செத்த பேரரசரைத் தெய்வங்களில் ஒருவராக அறிவித்தது. மகன்கள் வெளியிட்ட நினைவு நாணயத்தில் முக்காடிட்ட அவர் தலையும் தெய்வப் பட்டமும் ஒரு பக்கம். மறுபக்கம் நாலு குதிரை பூட்டிய தேரில் அவர் வானத்துக்கு ஏறுகிறார். பழைய மதத்தாருக்கு அது சூரியதேவனின் தேர். கிறிஸ்தவர்களுக்கு எலியா தீர்க்கதரிசி ஏறிப்போன நெருப்புத் தேர் ஞாபகத்துக்கு வந்திருக்கும். மேலேயிருந்து ஒரு கை அவரை வாங்கிக்கொள்ள நீள்கிறது. யாருடைய கை என்று நாணயத்தில் எழுதவில்லை.